பதினேழாம் நம்பர் வில்லை

"ஆ...!"

அலறல் குளிர்பதனக் கிடங்கு முழுக்க எதிரொலித்தது.

அலறியவள் வாயாடி. பாக்கிங் பிரிவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவள் திறந்த அறைக்குள், உறைந்த பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் மேனேஜர். இமைகளில் பனி.

உயிர் இல்லை!

அரை மணியில் கான்ஸ்டபிளோடு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"உள்ளே அபாய மணி ஒயரை அறுத்திருக்காங்க. வெளியே தாழ் போட்டிருக்காங்க. கொலைதான்! இது என்ன பலகை?"

"உள்ளே போறவங்க அவங்க நம்பர் வில்லையை இதுல மாட்டணும் சார். வெளியே வந்ததும் எடுத்துடணும்," என்றார் சூப்பர்வைசர். "மேனேஜருக்கு மட்டும் வில்லை கிடையாது."

ஒரே ஒரு வில்லை தொங்கியது. பதினேழு!

"யாரு பதினேழு?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

பூனை! சத்தமில்லாமல் நடப்பதால் அந்தப் பேர். வாயாடியின் உயிர்த்தோழி. முகம் வெளிறி, சுவரோடு சுவராக நின்றாள்.



அந்த வில்லையை மாட்டியதே வாயாடிதான்!

பூனைக்கு வலிப்பு. தெரிந்தால் அன்றைக்கே வேலை காலி. கைக்குழந்தையோடு எங்கே போவாள்? அதனால் அவள் உடை மாற்றும் அறையில் சுருண்டு கிடக்கிற நாளெல்லாம், "பழைய சரக்கு எண்ணப் போயிருக்கா" என்று சூப்பர்வைசரிடம் கூசாமல் புளுகுவாள் வாயாடி. யாரும் எட்டிப் பார்க்காத இந்த அறை வாசலில் பதினேழையும் மாட்டிவிடுவாள்.

இன்றைக்கும் பத்தரைக்கு மாட்டினாள். மூன்று மணிக்கு எடுக்க வந்தால்... கதவில் தாழ். உள்ளே பிணம்!

ஆனால்... நேற்று மேனேஜர் பூனையைக் கண்டபடி திட்டினாரே? நடுவில் எழுந்து வந்திருப்பாளோ?

சே! நினைத்ததற்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவ என்கூடத்தான் இருந்தா சார்!"

"பொய்!" சூப்பர்வைசர் பாய்ந்தார். "பதினொன்னே காலுக்கு நான் இந்தப் பக்கம் வந்தேன். தாழ் போட்டிருந்துது. பதினேழு தொங்கிச்சு. ஆளை உள்ளே வச்சுப் பூட்டிட்டு, பதட்டத்துல வில்லையை மறந்துட்டா!"

இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார்.

"வில்லை தொங்கினா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். தாழும் போட்டிருக்கு. நீங்க ஏன் உடனே திறக்கலை?"

"அது... அவ உள்ளே இல்லைன்னுதான் எனக்குத் தெரியுமே சார்! பத்தரைக்கே வலிப்பு வந்து, உடை மாத்துற ரூம்ல கிடந்..."

சட்டென்று நிறுத்தினார்.



"எழுந்திருக்கவே முடியாதவ எப்படி சார் கொலை பண்ணுவா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பொய் வில்லைன்னு தெரிஞ்சே பழியை அவ மேல போட்டீங்க. மேனேஜர் பாக்கெட்ல ஒரு கத்தை லேபிள் கிடைச்சுது. காலாவதியான பெட்டிக்கெல்லாம் புதுத் தேதி! ஒட்டினது நீங்கதானே? அவர் கண்டுபிடிச்சுட்டார்னுதானே உள்ளே வச்சுப் பூட்டினீங்க?"

சூப்பர்வைசர் ஓடப் பார்த்தார். கான்ஸ்டபிள் கொத்தாகச் சட்டையைப் பிடித்தார்.

பூனை ஓடிவந்து வாயாடியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வேலை போனா போகட்டும்டி... தலை தப்பிச்சுதே!"

வாயாடிக்கும் அழுகை வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று மனசை அரித்தது.

"ஆறு மாசமா மூளையைக் கசக்கிக் கசக்கிச் சாக்கு சொன்னேன் சார். அந்த ஆளு ஒண்ணைக்கூடவா நம்பலை?"

"நம்பியிருந்தா இப்படி உளறாமத் தப்பிச்சிருப்பாரேம்மா!" என்றார் இன்ஸ்பெக்டர்.