ஒரு படுக்கை மருத்துவமனை

"வெள்ளாம்பரையில் புதிய மருத்துவமனைக்குத் தேவை இல்லை. இனிவரும் காலத்தில் அங்கே நோயாளிகள் இருக்க மாட்டார்கள்." முன்னுணரி மறுபடியும் அதே பதிலைத்தான் சொன்னது.

மருத்துவமனை கட்ட அனுமதி கேட்டு வந்திருந்த டாக்டர் ஜெபக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று காலைகூட வெள்ளாம்பரையில் தன் வீட்டு வாசலில் காய்ச்சலோடு நின்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். போன மாதம் அந்த ஊர்ப் பெண்ணொருத்தி, பிரசவ வலியோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே, இவள் கையைப் பிடித்தபடி செத்துப்போனாள்.

"நோயாளியே இருக்க மாட்டாங்கன்னா என்ன சார் அர்த்தம்? எல்லாரும் நல்லாயிருவாங்களா?"

அனுமதி அதிகாரி இளம்பரிதி திரையைப் பார்த்தார். எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் இயந்திரம்தான் முன்னுணரி. அது தேவையென்று சொல்லாத இடத்தில் மருத்துவமனை கட்டுவது குற்றம். அதன் கணிப்பு தவறியதே இல்லை என்பதால், அதனிடம் யாரும் காரணம் கேட்டதும் இல்லை.

அன்று அவர் கேட்டார்.

"ஏன் நோயாளிகள் இருக்க மாட்டார்கள்?"

"ஊரில் ஆட்களே இருக்க மாட்டார்கள்."

"ஏன்?"

"மருத்துவமனை இல்லாததால் வெளியேறிவிடுவார்கள்."

"மருத்துவமனை ஏன் இல்லை?"

"நீங்கள் அனுமதி தரவில்லை."

"நீ வேணாம்னு சொன்னதாலதானே நான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சார், இதுல யாரு யாரைக் கேட்டு முடிவு பண்றீங்க?" என்றாள் ஜெபக்கனி.

இளம்பரிதிக்கு, இதுவரை அனுமதி மறுத்துத் திருப்பியனுப்பிய ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"இப்போது நான் அனுமதி தந்தால்?"

"தர மாட்டீர்கள்."

சுருக்கென்றது. கட்டைவிரலைத் திரையில் ஓங்கி அழுத்தினார்.

இயந்திரம் சற்றுத் தயங்கியது. "அதிகாரி கணிப்புக்கு மாறாகச் செயல்பட்டுள்ளார். இது மனநோயின் அறிகுறி. அவருடைய அனுமதி செல்லாது. அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நோயாளியின் தேவை பிறந்த ஊரின் கணக்கில் சேரும். இவர் பிறந்த ஊர் வெள்ளாம்பரை. ஆகவே, அங்கே ஒரு படுக்கை கொண்ட மருத்துவமனைக்கு அனுமதி வழங்கப்படுகிறது."

ஜெபக்கனி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க நம்மூரா சார்?"

"கைக்குழந்தையில கிளம்பி வந்துட்டோம். அப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கணும்னு..."

மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஒரே படுக்கையில் பேருக்கு இளம்பரிதி. மற்றவர்களுக்கெல்லாம் தரையில் பாய். பிரசவ வலியோடு யாராவது வந்தால் அவர் எழுந்து இடம் கொடுப்பார். மாதந்தோறும் முன்னுணரி படுக்கையருகே இருந்த திரையில் தோன்றி, "குணமாகிவிட்டதா?" என்று கேட்கும். "இல்லை" என்பார். ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனையை மூடிவிடுவார்கள்.

ஒருநாள் ஜெபக்கனி அவரிடம் வந்தாள். "சார், உங்க வீட்டம்மா போன்ல அழுதாங்க. நீங்க போறதுன்னா போங்க. என்ன ஆனாலும் நாங்க பாத்துக்கிறோம்."

அவர் திரையைக் காட்டினார். புதிய கணிப்பு வந்திருந்தது: "வெள்ளாம்பரையின் தேவை என்றென்றும் ஒரு படுக்கை."

"அது தப்பாச் சொன்னதே இல்லை டாக்டர். அப்படின்னா நான் குணமாகவே போறதில்லை. இத்தனை நாளா நடிக்கிறேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்." "உண்மையைச் சொல்லுங்க. எனக்கு நெசமாவே ஏதாவது இருக்கா?"

ஜெபக்கனி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நிறைமாதப் பெண்ணொருத்தியைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்கள்.

இளம்பரிதி எழுந்தார். விரிப்பைச் சரிசெய்து படுக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெளியே நோயாளிகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.