மேற்கே நாற்பது மைல்

பொழுது சாய்ந்ததும் ஆழித்துறை வள்ளங்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். மிதவைச் சட்டை போட்டாயிற்றா, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? பதில் சொல்லாதவனுக்கு மோட்டார் முனகக்கூடச் செய்யாது. பதில்களெல்லாம் கரைக்கண்ணுக்குப் போகும். எண்ணூறு வள்ளங்களைக் கரையிலிருந்தே கவனிக்கும் இயந்திர மூளை அது. குறித்த நேரத்தில் வள்ளம் திரும்பாவிட்டால் நீந்துகாவலர் என்னும் மீட்பு இயந்திரங்களை அனுப்பிவைக்கும்.

வள்ளத்தில் இருக்குமிடம் காட்டும் ஒரு மின்னணுச் சில்லைப் பதித்துவிட்டால் இத்தனை பேச்சே வேண்டாம். ஆனால் மீன் கிடக்கும் இடம் அவனவன் ரகசியம், அதை எந்த இயந்திரமும் பின்தொடரக் கூடாது என்று மீனவர்கள் முப்பது வருடம் போராடிச் சட்டமே வாங்கிவிட்டார்கள்.

“மேற்கே நாற்பது மைல். காலையில நாலு மணி,” என்றான் பெர்க்மான்ஸ். வாள்மீன் கிடந்ததோ தெற்கே முப்பதில்.

“அத்தான், உள்ளதச் சொல்லுங்க,” என்றான் அவன் மனைவியின் தம்பி ஸ்டெல்லஸ்.

“சொன்னா நாளைக்கு அங்க இருவது வள்ளம் நிக்கும். நீ தூண்டிலப் பாரு.”

இரவு இரண்டு மணிக்கு ஆளுயர வாள்மீன் ஒன்று மாட்டியது. பக்கத்தில் இழுப்பதற்குள் அது திரும்பி வந்து அடிப்பலகையைக் குத்திவிட்டது. புகுந்த தண்ணீரில் மின்கலப் பெட்டி மூழ்கியது. மோட்டார், விளக்கு, வயர்லெஸ் மூன்றும் ஒருசேர அணைந்தன. துளையில் சாக்கை அடைத்துவிட்டு இருவரும் வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறியது.

“தேடுறவன் மேற்க போவான்,” என்றான் பெர்க்மான்ஸ். “என் வாயால உன்னையும் கொன்னுட்டேன் மக்கா.”

ஒரே இரவில் சகாயரீத்தா புருஷனையும் தம்பியையும் இழக்கப் போகிறாள். அதை நினைத்தபோது அவனுக்கு வாளியைத் தூக்கக் கை வரவில்லை.

கிழக்கு வெளுக்கையில் இரண்டு நீந்துகாவலர்கள் நேராக அவர்களிடமே வந்து நின்றன. பெர்க்மான்ஸ் ஈர இரும்பைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான். அழுது முடித்த பிறகுதான் கேட்டான்.

“தெக்கன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“மேற்கு என்று சொல்லிப் போகும் உங்கள் வள்ளத்திலிருந்து தென்கடல் மீன்தானே இறங்குகிறது,” என்றது ஒன்று. “மேலும், கரைக்கண் பாடம் படித்தது இருபத்தோராம் நூற்றாண்டின் கைப்பேசிப் பேச்சுகளில். ‘கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்’ என்றவர்கள் அப்போதுதான் குளிக்கப் போனார்கள்.”

அடுத்த வாரம், வழியனுப்ப வந்த சகாயரீத்தாவின் முன்னால் பெர்க்மான்ஸ் மனசார உண்மையைச் சொன்னான்.

“தெற்கே முப்பது மைல்.”

“பதிவாயிற்று,” என்றது கரைக்கண். “நேரம் தவறினால் மேற்கே நாற்பதில் தேடுவோம்.”

“இல்ல, இது சத்தியம்.”

“சத்தியம் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் மேற்கே ஐம்பது.”

சகாயரீத்தா மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டிவிட்டாள்.

“எனக்கு நீங்க திரும்பி வரணும். பழையபடி பொய்யவே சொல்லிட்டுப் போங்க.”

அவன் சொன்னான். மோட்டார் உடனே உயிர்பெற்றது. மனப்பாரம் இறங்கியவர்களாக அவனும் ஸ்டெல்லஸும் தெற்கே கிளம்பினார்கள்.