இரண்டாவது கையுறை

போன் அடித்தது.

காலை ஒன்பது நாற்பது. அடுப்பில் குக்கர் இரண்டாவது விசிலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, என் கண்ணாடிய பார்த்தியா?"

"எங்க வச்ச?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கேக்கறேன்?"

"தலை மேல தடவிப் பாரு."

மறுமுனையில் தலைமுடியில் கை தேடும் சரசரப்பு...

"சரி, வச்சிடறேன்."

"உன்னையெல்லாம் விஞ்ஞானின்னு சேர்த்துக்கிட்டாங்க பாரு."

"போக்கா."

அவ்வளவுதான். என் தங்கை என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த "போக்கா".

பன்னிரண்டேகாலுக்கு மறுபடி போன். இந்த முறை ஆண் குரல். பதமான, சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

"மனச திடப்படுத்திக்குங்கம்மா..."

அவளுக்கு இருபத்தொன்பது வயது. புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு நிலையத்தில் இரண்டு வருடப் பயிற்சியில் இருந்தாள். இளம் விஞ்ஞானிகள் எட்டுப் பேரைப் பொறுக்கியெடுத்து ஆராய்ச்சியும் தலைமைப் பண்பும் கற்றுத் தருவார்கள். கற்றுத் தருபவர் டைரக்டர். முந்நூறு கட்டுரைகளில் அவர் பெயர் இருந்தது.

நிலையத்தின் கீழ்த்தளத்தில் மாதிரி அறை. பெண்களிடம் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் தொட்டிகளில் உறைய வைத்திருப்பார்கள். நைட்ரஜன் கசிந்தால் அறையில் சுவாசிக்கக் காற்று மிஞ்சாது. அதற்காகவே ஓர் எச்சரிக்கை மணி உண்டு.

அன்று அதன் ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது.

தொட்டிகளுக்கு நடுவில், தரையில், ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்ணாடி மூக்கின் மேல் ஒழுங்காக இருந்தது.

டைரக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சு போன்ற உள்ளங்கை. வாயில் புதினா மிட்டாய் வாசனை.

"தனியா உள்ள போகக் கூடாதுன்னு ரூல் இருக்கும்மா. மணி தொந்தரவுன்னு இவளே ஒயரப் புடுங்கியிருக்கா. சின்ன வயசு... அஜாக்கிரதை."

"அவ அப்படிச் செய்யமாட்டா சார்."

"எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா நினைப்பாங்க." ஒரு தாளை நீட்டினார். "போஸ்ட்மார்ட்டம் எதுக்கு? பொண்ண அறுக்கணுமா? முழுசா கொண்டு போங்க. நம்ம டாக்டர் எழுதித் தருவாரு. இங்க ஒரு கையெழுத்து..."

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் பேனாவை வாங்கினேன். முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து தாளை உருவிக்கொண்டது.

பெண் இன்ஸ்பெக்டர். நரைத்த முடி. தேய்ந்த ஷூ.

"விபத்தான்னு நான் சொல்லணும் சார். நீங்க கேன்சரத் தடுங்க, போதும்."

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்கு அழைத்தார். மேஜையில் போட்டோக்கள்.

"பாக்க முடியுமா?"

"பாக்கறேன்."

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். எது இடறினாலும் கண் அங்கே நின்றுவிடும். இரண்டு கைகளிலும் நீல ரப்பர் உறை. என் கண் இடது கையில் நின்றது.

"இது தப்பு மேடம்."

"எது?"

"இடது கைல உறை. அவ வீட்ல ஃப்ரிட்ஜைக்கூட இடது கையாலதான் திறப்பா. கேட்டா, லேப் பழக்கம்னு சிரிப்பா."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒருவனை வரவழைத்தார். தங்கையோடு பயிற்சியில் இருந்தவன். அவள் வைத்த பெயர் ஒல்லி. பொருத்தமான பெயர்தான். அழுது அழுது முகமும் பாதியாகியிருந்தது.

"ஒத்தை உறை ரூல் அக்கா. வலது கைல உறை, குப்பி புடிக்க. இடது கை வெறுங்கை, கதவு புடிக்க. உறை போட்ட கையால கைப்பிடியத் தொட்டா, அதுல இருக்கறது அடுத்தவங்க கைக்குப் போயிடும். மீறினா ஒரு வாரம் குப்பைத்தொட்டி கழுவணும். அவ ஒரு தடவகூட கழுவினதில்ல."

"அப்ப இடது கை உறைய வேற யாரோ மாட்டியிருக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "எதையோ மறைக்க."

இன்னொரு போட்டோவை நகர்த்தினார். பிரேதப் பரிசோதனையில் உறையைக் கழற்றியபோது எடுத்தது. வெறும் உள்ளங்கை. கறுப்பு மார்க்கரில் ஓர் எண்.

612.

ஒல்லி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"குப்பி நம்பர் மேடம்."

"விவரமா சொல்லுப்பா."

"டைரக்டர் கண்டுபிடிச்ச டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுல உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு லெட்டர் வாங்கின பொம்பளைங்க மாதிரிய எல்லாம் இவ திரும்ப சோதிச்சா. முப்பத்தோரு பேருக்கு இருக்கு. ஆரம்ப நிலை. இப்ப சொன்னா காப்பாத்திடலாம்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"அதுக்குத்தான் சண்டை. அடுத்த மாசம் என் டெஸ்ட எல்லா ஆஸ்பத்திரியும் எடுத்துக்கப் போறாங்க, வாய மூடுன்னாரு. அன்னிக்கு பன்னெண்டு மணிக்கு அந்த டெஸ்டப் பார்வையிட வெளியிலருந்து ஒரு குழு வர்றதா இருந்தது. முப்பத்தொண்ணுல ஏதோ ஒரு குப்பிய எடுத்து அவங்க கண்ணு முன்னாடியே சோதிச்சுக் காட்டறேன்னா. எங்க எட்டுப் பேருக்கும் தெரியும். டைரக்டருக்கும் தெரியும்."

"எட்டுல ஒருத்தர் பண்ணியிருக்கலாமே? நீயே பண்ணியிருக்கலாம்."

ஒல்லி அவரை விநோதமாகப் பார்த்தான்.

"மார்க்கர மறைக்க உறையா மேடம்? ஸ்பிரிட்ல ஒரு துடை, போயிடும். எங்க வேலையே நாள் முழுக்க எழுதறதும் துடைக்கறதும்தான். அந்த ரூம் கதவுலயே ஒரு பாட்டில் தொங்குது. லேப்ல கைய வச்சவன் எவனும் உறையத் தேட மாட்டான்."

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு மார்க்கரை எடுத்தார்.

"வாங்க. ஒரு பெரிய விஞ்ஞானிகிட்ட சந்தேகம் கேக்கணும்."

டைரக்டரின் அறையில் சுவர் கொள்ளாத சான்றிதழ்கள்.

"சார், ஃபைல்ல எழுதும்போது கைல பட்டுடுச்சு." இன்ஸ்பெக்டர் உள்ளங்கையை விரித்தார். கறுப்புக் கிறுக்கல். "எப்படிப் போக்கறது?"

"அது பர்மனென்ட் மார்க்கர்மா. தேய்ச்சாலும் போகாது. தானா அழிய ரெண்டு நாள் ஆகும்."

"அப்படிங்களா..."

அவர் மேஜையிலேயே கை சுத்தம் செய்கிற ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு அழுத்து அழுத்தினார். ஒரு துடை.

கை வெளுத்துப் போனது. டைரக்டரின் முகமும்.

"கடைசியா எப்ப சார் லேப்ல வேலை செஞ்சீங்க?"

அவர் ஒரு புதினா மிட்டாயைப் பிரித்தார்.

"அந்த உறையோட உள்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கு. நேத்து நீங்க டீ குடிச்ச கப்புல இருக்கறதும் அதேதான். வால்வைத் திறந்துவிட்டு வெளியில பூட்டினீங்க. காத்து வந்ததும் உள்ள போய்ப் பார்த்தா கைல நம்பர். அந்தக் குப்பிய எடுத்து ஒழிச்சிருக்கலாமே சார்?"

டைரக்டர் ஸ்பிரிட் பாட்டிலைத் தள்ளி வைத்தார். பிறகு முணுமுணுத்தார்.

"எந்தத் தொட்டின்னு... தெரியல."

ஒல்லி பின்னால் மூச்சை இழுத்தது கேட்டது. முந்நூறு கட்டுரை எழுதியவருக்குத் தன் நிலையத்தில் ஒரு குப்பியைத் தேடத் தெரியவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்குவீங்க. பதினஞ்சாயிரம் பேர்ல முப்பத்தொண்ணும்மா. சதவீதத்தப் பாருங்க. கால் சதவீதம்கூட வராது."

எனக்குக் குமட்டியது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அவருடைய லெதர் குப்பைக்கூடையில் நிஜமாகவே வாந்தியெடுத்தேன். அவர் தன் கைக்குட்டையை நீட்டினார். புதினா வாசனை. இன்னொரு முறை வாந்தியெடுத்தேன்.

விலங்கு மாட்டும்போது, "என் மீட்டிங்?" என்று கேட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சீல் வைத்த பெயர்ப் பட்டியலைப் பிரித்தார். ஆய்வில் இருப்பவர்களுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். எந்த நம்பர் யாருடையது என்று தங்கைக்கும் தெரியாது. முறை அப்படி.

"முப்பத்தோரு வீட்டுக்கும் இன்னிக்கே லெட்டர் போகுது," என்றபடி விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"கொஞ்சம் உட்காருங்க."

"பரவால்ல மேடம்."

"உட்காருங்கன்னா உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இந்த ஆய்வுக்கு நீங்க மாதிரி குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். தங்கை பயிற்சியில் சேர்ந்த புதிதில், ஆள் போதவில்லை, வாயேன் அக்கா என்று ஒரு வாரம் நச்சரித்தாள். போனேன். ஒன்றுமில்லை என்று லெட்டர் வந்தது. அதோடு மறந்துவிட்டேன்.

"அறுநூத்திப் பன்னெண்டு..." இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. "நீங்கதான்."

முப்பத்தொன்றில் ஏதோ ஒன்று என்று கைக்கு வந்த எண்ணை எழுதிக்கொண்டாள். யாரென்று தெரியாமலே எனக்காகப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த மாதமே எனக்கு அறுவை நடந்தது. நாலு வருடமாகிறது. நன்றாக இருக்கிறேன். முப்பத்தோரு பேரில் இருபத்தொன்பது பேர் நன்றாக இருக்கிறோம். டைரக்டருக்கு ஆயுள் தண்டனை. ஒல்லிக்கு அங்கேயே வேலை கிடைத்து, கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

போன வாரம் அவனைக் கேட்டேன்.

"பயிற்சி இன்னும் நடக்குதா?"

"வருஷா வருஷம் எட்டுப் பேர் அக்கா. எல்லாத்தையும் மாத்தியாச்சு... முதல் நாள் வகுப்பு மட்டும் பழைய வீடியோதான்."

"யாரோடது?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"டைரக்டரோடது. தலைப்பு, 'ஆய்வில் நேர்மை'. ஒலிப்பதிவு சுத்தமா இருக்காம்... அதனால மாத்தல."