மூன்று வாளி தேங்காய்ப்பால்

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு, றுமானா செய்யக் கூடாத ஒரு வேலையைச் செய்தாள்.

பின்விறாந்தையில் மூன்று வாளிகள் மூடி இருந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்தாள். சிரட்டை அகப்பையால் தேங்காய்ப்பாலை மொண்டாள். மடக்கு மடக்கென்று குடித்துவிட்டாள்.

இன்று அவளுக்கு முதல் நோன்பு. ஒன்பது வயதில் பிடிக்கும் முதல் நோன்பு.

மறந்துபோய்க் குடித்தால் நோன்பு முறியாது என்று மதரஸாவில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் றுமானா மறக்கவில்லை. நன்றாக நினைவிருந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில், வறண்டுபோன தொண்டை, பக்கத்தில் ஒருவரும் இல்லை. கை தானாகப் போய்விட்டது.

அழுகை வரப் பார்த்தது. ஆனால் அதற்குள் நாக்கு வேறொன்றைச் சொன்னது. பால் புளித்தது. அடித்தொண்டையில் ஊசி குத்துவதுபோல ஒரு சுள்ளென்ற புளிப்பு. நல்ல தேங்காய்ப்பால் இப்படி இருக்காது.

பால் பழுதாகிவிட்டது.

கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் அந்த ஒழுங்கையில் அறுபது வீடுகள். நோன்பு மாதத்தில் நாளுக்கு ஒரு வீட்டில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் கொடுப்பார்கள். இன்று றுமானா வீட்டு முறை. வளவில் மூட்டிய அடுப்பில் பெரிய கிடாரம். அதில் சிவப்பரிசியும் பாசிப்பயறும் வெந்தயமும் உள்ளியும் இஞ்சியும் வெந்துகொண்டிருந்தன. எல்லாம் குழைந்த பிறகு, கடைசியில்தான் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். முன்பே ஊற்றிக் கொதிக்கவிட்டால் பால் திரைந்துபோகும்.

பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை கரண்ட் நிற்கும் என்று நேற்றே அறிவித்திருந்தார்கள். அதனால் உம்மா காலை ஒன்பது மணிக்கே இருபது தேங்காயையும் மில்லில் கொடுத்துத் துருவி வாங்கிவிட்டார். வெந்நீர் விட்டுப் பிழிந்தால் பால் கூடுதலாக வரும் என்று வெந்நீர் விட்டே பிழிந்தார். தூசி விழாமல் மூன்று வாளியையும் இறுக்கி மூடி வைத்தார். விறாந்தையின் தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வெந்துகொண்டு இருந்திருக்கிறது.

இனி அது கிடாரத்துக்குள் போகும். அறுபது வீட்டாரும் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வெறும் வயிற்றில் அதைத்தான் முதலில் குடிப்பார்கள். மூன்றாம் வீட்டு முதியவர் முகைதீன்பாவா அப்பாவும் குடிப்பார். அவர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து நேற்றுத்தான் எழும்பி உட்கார்ந்தவர். கஞ்சியைத் தவிர வேறெதுவும் அவருக்குள் இறங்குவதில்லை.

சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? "நீ எப்படி அறிஞ்ச?" என்று கேட்பார்களே.

உம்மா காலையிலிருந்து வருவோர் போவோர் எல்லோரிடமும், தன் மகளுக்கு இன்று முதல் நோன்பு என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போயிருந்தார். அட்டாளைச்சேனையிலிருந்து உம்மாவின் தங்கை, சாச்சி, புதுச் சட்டையோடு நோன்பு திறக்க வருகிறார். இந்த நேரத்தில் போய், நான் குடித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

றுமானா அடுப்படிக்குப் போனாள். பால் ஒரு மாதிரி மணக்கிறது, மணந்து பாருங்கள் என்று உம்மாவிடம் சொன்னாள். உம்மாவுக்கு மூன்று நாளாகத் தடிமன். வாளிக்கு மேல் குனிந்து இரண்டு தரம் உறிஞ்சிப் பார்த்தார். மூக்கு அடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. கிடாரத்தைத் துழாவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பரீதா மாமியும் வந்து மணந்தார். விறகுப் புகையில் நின்றவருக்குப் புகை மட்டும்தான் மணத்தது.

நுனிநாக்கில் வைத்துத் துப்பினால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது என்பது உம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு துளி உள்ளே இறங்கிவிடுமோ என்று பயம். நோன்பு நாளில் அவர் உப்புக்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் கைக்கணக்குத்தான்.

றுமானா விடவில்லை. ஓடிப் போய்ப் பரீதா மாமியின் நான்கு வயது மகன் ஸிராஜைக் கூட்டி வந்தாள். அவனுக்கு நோன்பு இல்லை. ஒரு கரண்டி பாலை அவன் வாயில் விட்டாள். அவன் முகத்தைச் சுளித்து, "புளி" என்றான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பரீதா மாமி சிரித்துவிட்டார். ஸிராஜுக்கு நேற்று வாழைப்பழம் புளித்ததாம். முந்தாநாள் சீனி புளித்ததாம். அவன் பேச்சைக் கேட்டால் இந்த ஊரில் ஒருவரும் சமைக்க முடியாது என்றார்.

மணி நாலே முக்கால். முன்வாசலில் நோன்பு பிடித்த பெரிய பிள்ளைகள் பாத்திரங்களோடு சேரத் தொடங்கிவிட்டார்கள். தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது.

வாளியைத் தட்டி ஊற்றிவிடலாமா என்று றுமானா நினைத்தாள். கால் தடுக்கிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் இருப்பது மூன்று வாளி. ஒரு வாளியில் கால் தடுக்கலாம். மூன்று வாளியிலும் கால் தடுக்கினால் யார் நம்புவார்கள்?

உம்மா முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிடாரத்துக்குப் பக்கத்தில் வந்தார். வாளி சரிந்தது.

"ஊத்தாதீங்க உம்மா. பால் பழுதாப் போச்சு. நான் குடிச்சன்."

சொல்லிவிட்டாள். உம்மாவின் கை அப்படியே நின்றது. பரீதா மாமி துழாவுவதை நிறுத்திவிட்டார்.

உம்மா வாளியைக் கீழே வைத்தார். அவருடைய முகம் வாடிப்போனதை றுமானா பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"மறந்து குடிச்சியா புள்ள?" என்று உம்மா மெதுவாகக் கேட்டார்.

"மறந்துதான் குடிச்சிருப்பாள்," என்று பரீதா மாமி முந்திக்கொண்டார். "சின்னப் புள்ளதானே. மறந்தா நோன்பு முறியாது."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நோன்பும் இருக்கும், புதுச் சட்டையும் வரும், உம்மாவின் முகமும் பழையபடி ஆகிவிடும். அந்தச் சொல் றுமானாவின் தொண்டை வரை வந்தது. ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பால் புளித்தது என்ற உண்மையை நம்புங்கள் என்று எப்படிக் கேட்பது?

"இல்ல உம்மா," என்றாள். "நினைவோடதான் குடிச்சன். தாகம் தாங்க ஏலாமப் போச்சு."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் பாலை வேறாக அடுப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். போன கிழமை பழுதான பசுப்பாலைச் சூடாக்கியபோது அது திரைந்ததை அவள் பார்த்திருந்தாள்.

உம்மா ஒரு சின்னச் சட்டியில் இரண்டு அகப்பை பாலை ஊற்றிச் சிறிய தீயில் வைத்தார். மூன்று பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொதி வருவதற்கு முன்பே பால் பிரிந்தது. வெள்ளைத் துணுக்குகள் ஒரு பக்கம், கலங்கிய தண்ணீர் ஒரு பக்கம். சூடு ஏற ஏற அந்தப் புளித்த வாடை மேலே வந்தது. அடைத்த மூக்கோடு நின்ற உம்மாவுக்கே அது மணத்தது.

"அல்லாஹ்வே," என்றார் உம்மா. "இதையா அந்தக் காய்ச்சல்கார மனிசனுக்குக் குடுக்கப் பாத்தன்?"

பரீதா மாமி ஒரு வழி சொன்னார். கொஞ்சம் அப்பச்சோடாவைப் போட்டால் புளிப்பு எடுபட்டுவிடும், யாருக்கும் தெரியாது என்றார். உம்மா ஒப்பவில்லை. சோடா புளிப்பை மறைக்குமே தவிர, பழுதான பாலை நல்ல பாலாக்காது. மறைத்துவிட்டால் குடிக்கிறவர்கள் அறியாமல் இன்னும் கூடுதலாகக் குடிப்பார்கள்.

பால் இல்லாமலே கொடுத்துவிடலாமா? கொடுக்கலாம். ஆனால் நாள் முழுக்கப் பசித்திருந்தவர்களுக்குத் தெம்பு தருவது அந்தப் பாலும் பயறும்தான். நோயாளி ஒருவர் அதை நம்பித்தான் கிடக்கிறார்.

மில்லில் கரண்ட் இல்லை. மணி ஐந்து. நோன்பு திறக்க ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான் இருந்தது.

"தேங்காய் துருவுற திருவலை வீட்டுக்கு ஒண்டு இருக்கும்தானே?" என்று றுமானா கேட்டாள். "எல்லாரையும் கேப்பம்."

உம்மா பதில் சொல்வதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

முதல் வீட்டில் கதவைத் தட்டி, திருவலையும் இரண்டு தேங்காயும் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். பால் பழுதாகிவிட்டது என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். றுமானா தரையைப் பார்த்துக்கொண்டு, நோன்போடு குடித்துவிட்டேன் என்று முணுமுணுத்தாள். காதெல்லாம் சுட்டது.

இரண்டாம் வீட்டிலும் அதே கேள்வி. மூன்றாம் வீட்டிலும் அதே கேள்வி. ஏழாம் வீட்டுக்குப் போனபோது அது மனப்பாடமாகிவிட்டது. கதவு திறந்ததும், "பால் பழுது, நான் குடிச்சிட்டன், நினைவோடதான் குடிச்சன், திருவலை தாங்க," என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் ஒரு மாமி அவள் தலையைத் தடவிவிட்டுத் தேங்காயோடு தானே கிளம்பினார்.

அரை மணித்தியாலத்தில் வளவு நிறைந்துவிட்டது. பதினாறு திருவலைகள். பெரியவர்கள் உட்கார்ந்து துருவினார்கள். பாத்திரத்தோடு வந்த பிள்ளைகள் தேங்காய்ப்பூவை அள்ளி அள்ளி உம்மாவிடம் கொண்டு போனார்கள். ஸிராஜ் ஒரு பிடி பூவை வாயில் போட்டுக்கொண்டு ஓடினான். இந்த முறை அது அவனுக்குப் புளிக்கவில்லை.

உம்மா வெந்நீரைத் தொடவே இல்லை. கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுப் பிழிந்தார். பிழியப் பிழியக் கிடாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

"நீ செஞ்ச பிழையச் சொல்லிட்டாய்," என்றார், பிழிந்துகொண்டே, றுமானாவை நிமிர்ந்து பார்க்காமல். "வெந்நீர் விட்டதும், இறுக்கி மூடி வெயிலுக்குள்ள வச்சதும் என்ட பிழை."

ஆறு மணிக்குக் கடைசிச் சொட்டுப் பாலும் கிடாரத்துக்குள் போனது. ஒரு கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்தார்கள். இனிப் பகிர வேண்டியதுதான். ஆனால் ஒருவரும் அகப்பையைத் தொடவில்லை. ஒரு தரம் பழுதான பயம் எல்லோருக்கும் இருந்தது.

"இஞ்ச வா மகள்," என்றார் உம்மா. ஒரு சிரட்டையில் கஞ்சியை ஊற்றி ஆற்றினார். "இந்த வளவில நோன்பில்லாத ஆக்கள் ரெண்டு பேர்தான். ஸிராஜ்ட நாக்க நம்ப ஏலா. உன்ட நாக்க நம்பலாம். குடிச்சுப் பாத்துச் சொல்லு."

நாற்பது பேர் அவளையே பார்த்தார்கள். றுமானா சிரட்டையை இரு கையாலும் வாங்கி ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

"பால் நல்லா இருக்கு," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். இன்று இவ்வளவு உண்மையைச் சொன்னாயிற்று, இதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "உப்புக் காணாது உம்மா."

வளவில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. உம்மா சுற்றிலும் பார்த்தார். பரீதா மாமி முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். இந்த வீட்டுக் கஞ்சிக்கு வருஷா வருஷம் உப்புக் காணாதுதான், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டில் போட்டுக் குடிக்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்.

உம்மாவும் சிரித்துவிட்டார். ஒரு பிடி உப்பைப் போட்டுத் துழாவினார். பாத்திரங்கள் வரிசையாக நிறைந்தன. முகைதீன்பாவா அப்பாவின் பாத்திரத்தை றுமானாவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சாச்சியும் வந்துவிட்டார். அவர் கொண்டுவந்த சட்டையை, றுமானா நோன்பு பிடித்து முடிக்கும் நாளுக்கென்று உம்மா அலுமாரிக்குள் வைத்தார்.

"நாளைக்கு நோன்பு பிடிப்பன் உம்மா," என்றாள் றுமானா.

"ஓம், பிடி. விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்புறன். வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டுப் படு."

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார்கள். றுமானாவும் எடுத்தாள்.

கால் மணித்தியாலம் கழித்து முகைதீன்பாவா அப்பா வீட்டுப் பாத்திரம் திரும்பி வந்தது. வழித்துத் துடைத்த வெறும் பாத்திரம். இன்றைக்கு உப்புச் சரியாம், இன்னொரு தரம் நிரப்பித் தரச் சொன்னாராம்.