சிலுப்பினால் உத்தரவு

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே பழைய வீடொன்றின் மாடியில் மோகன்ராஜ் பச்சை குத்தும் கடை வைத்திருந்தான். மழை பெய்த ஒரு மதியம், வடமாலபேட்டைப் பள்ளியில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இஸ்ரேல் படியேறி வந்தான்.

"நைனா போயிட்டாருடா."

அவன் அப்பா தேவானந்தம் ஊர்ச் சர்ச்சில் மணி அடித்தவர்.

"அவுருக்குப் புடிச்ச ஆட்டுக்குட்டி, சிலுவைக் கொடியோட நின்னுக்கினு இருக்குமே, அதை முதுகுல போடு. நைனாவை சொமந்துக்கினு போறாப்ல இருக்கட்டும்."

"அழுவாம படுத்துக்கினு இரு. போட்டுடலாம்."

இஸ்ரேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தான்.

மோகன்ராஜ் வேறொரு படத்தை எடுத்தான். ஆட்டுத் தலை, மனித உடல், பெண் மார்பு, சிறகு. கொம்புகளுக்கு நடுவே தீப்பந்தம். ஒரு கை மேலே காட்டியது, ஒரு கை கீழே. இதைக் குத்திக்கொள்ள எவனும் முன்வரவில்லை. இன்ஸ்டாகிராமில் போட ஒரு முதுகு தேவைப்பட்டது. அது இப்போது தானாக வந்து படுத்திருந்தது.

கடையில் வேலை செய்யும் யாமினி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இது ஆட்டுக்குட்டி இல்லியே?" என்று கிசுகிசுத்தாள்.

"வளந்துடுச்சு. நிறைய துன்னுச்சு போல."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு இது?"

"பாஃபமெட். எழுநூறு வருஷம் முன்னாடி பிரான்ஸ் ராஜா, சண்டை போடற சாமியாருங்களைப் புடிச்சு உள்ள போட்டான். எந்தச் சிலையைக் கும்புட்டீங்கன்னு கேட்டு, பாதத்தை நெருப்புல வாட்டுனாங்க. வலி தாங்காம ஒருத்தன் உளறுன பேரு இது. பேரு மட்டும்தான், உருவம் கெடையாது. ரொம்ப காலம் கழிச்சு ஒரு பிரெஞ்சு மந்திரவாதி இந்த உடம்பை வரைஞ்சான். ஆண் பொண்ணு, மேல கீழ, மிருகம் மனுசன், எல்லாம் ஒண்ணுதான்னு அர்த்தமாம். இப்ப சாத்தான் கூட்டம்னு சொல்லிக்கறவங்க வெண்கலத்துல சிலையே செஞ்சிருக்காங்க. அவங்கள்ல பாதிப்பேர் நம்பறதுகூட இல்ல. வெறும் அடையாளம்."

யாமினி அந்த முதுகையே பார்த்தாள்.

"அப்ப இது அடி வாங்குனவங்க சாமி இல்லண்ணா. அடிச்சவன் சாமி."

ஊசி ஒரு கணம் நின்று, மறுபடி இரைந்தது.

வேலை முடிந்தது. இஸ்ரேல் களைத்துத் தூங்கியிருந்தான். மோகன்ராஜுக்கு இன்னும் குறும்பு அடங்கவில்லை. வெதுருகுப்பத்தில் அவன் குடும்பம் கங்கம்மாவுக்குக் கிடா வெட்டும்போது, முதலில் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். சிலுப்பும்வரை கத்தி இறங்காது.

கிண்ணத்திலிருந்து நீரை அள்ளி அந்த ஆட்டு முகத்தில் தெளித்தான்.

"சிலுப்பு சாமி, சிலுப்பு."

தோல் அசையவில்லை.

ஆட்டின் கண் மட்டும் அவன் பக்கம் திரும்பியது.

இப்போதுதான் பச்சை குத்திய தோல், வீங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். யாமினி கட்டுப் போட்டாள். இஸ்ரேல் எழுந்து அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

"குட்டி நல்லா வந்திருக்காம்மா?"

"வந்திருக்குண்ணா," என்றாள் அவள்.

அன்று மாலை, கடையைப் பூட்டும்போது மோகன்ராஜின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. அண்ணாந்து பார்த்தான். கூரை காய்ந்திருந்தது.

விரலால் தொட்டான். மஞ்சள்.

ஈர ஆட்டு மயிரின் நாற்றம் அவனைச் சுற்றி நின்றது.

அடுத்த சொட்டு விழுந்தபோது அவனுக்குப் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை மரக்கட்டையாக்கி நின்றான். சிலுப்பக் கூடாது.

டீக்கடையில் சொட்டியது. ஆட்டோவில் சொட்டியது. படுக்கையில், போர்வைக்குள்ளே சொட்டியது. தூக்கத்தில் சிலிர்த்துவிடுவோம் என்ற பயத்தில் அவன் தூங்கவில்லை. கடைசியில், அந்த உருவத்தை அழித்துவிடலாம், காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று கொட்டும் மழையில் வடமாலபேட்டைக்கு ஓடினான்.

இஸ்ரேலின் தங்கை தபிதா கதவைத் திறந்தாள்.

"வாண்ணா! இவ்ளோ அழகா போட்டுட்டு, பாக்க வராமலே இருந்துட்டியே."

உள்ளே இஸ்ரேல் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். சிரித்தபடி முதுகைக் காட்டினான்.

முதுகில் வெள்ளை ஆட்டுக்குட்டி. தோளில் சாய்ந்த சிலுவைக் கொடி.

கொம்பு இல்லை. சிறகு இல்லை.

மோகன்ராஜ் வாசற்படியிலேயே அழுதுவிட்டான். இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த உடம்பு தளர்ந்தது. ஓட்டிலிருந்து மழைச்சொட்டு ஒன்று, வெறும் மழைச்சொட்டு, அவன் கழுத்தில் விழுந்தது.

தலை முதல் கால்வரை சிலுப்பினான்.

"குளுருதா அண்ணா?" என்று தபிதா சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. "பின்னாடி... பின்னாடி யாருண்ணா அது?"

அவன் திரும்பவில்லை. கழுத்தைச் சுற்றி, ஊசியால் போட்டதுபோல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடி முடிந்தது.

பிறகு அந்தக் கோடு திறந்தது.

மோகன்ராஜின் காரியம் முடிந்து, தன் பொருள்களை எடுத்துப்போக யாமினி கடையைத் திறந்தாள். வெயில் ஜன்னல்வழி அடித்தது. உள்ளே ஈர ஆட்டு மயிரின் நாற்றம்.

பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அடுத்தது விழுந்தது.