மறுபக்கம் வாங்குகிறவர்

பலகையின் முனையில் குழி விழவில்லை.

அவள் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரலால்தான் பார்த்தாள். பலகை இழைக்கும் திக்னஸ் பிளேனரைத் தனியாளாக ஓட்டுகிறவளுக்கு அந்தக் குழி கூடப்பிறந்தது மாதிரி. ஒரு பக்கம் பலகையை விட்டால் உருளைகள் அதை இழுத்துக்கொண்டு போய், நடுவில் சுழலும் பிளேடுகளுக்கு அடியில் கொடுத்து, சொன்ன கனத்தில் மறுபக்கம் தள்ளிவிடும். அங்கே ஒருவர் நின்று நுனியைச் சற்றே தூக்கிப் பிடித்து வாங்க வேண்டும். வாங்க ஆளில்லை என்றால் பலகை தன் பாரத்தில் தலை கவிழ்ந்து, வால் மேலே எழும்பி, பிளேடு அந்த வாலில் ஒரு கடி கூடுதலாகக் கடித்துவிடும். மறுபக்கம் நின்று வாங்கிய கணவருக்கு உடம்பு முடியாமல் போன நாளிலிருந்து அவள் இழைத்த ஒவ்வொரு பலகையிலும் அந்தக் கடி இருந்தது. இன்றைக்கு இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று, முனை வரைக்கும் ஒரே சீராக இருந்தது.

'போகட்டும், மெஷினுக்காவது என் மேல் இரக்கம் வந்ததே' என்று நினைத்துக்கொண்டாள். யோசித்துப் பார்க்கிற தெம்பெல்லாம் அவளிடம் மிச்சமில்லை. காலையில் அவரைத் துடைத்துவிட்டு, துணி மாற்றி, புண் வராமல் இருக்க முதுகுக்குப் பவுடர் போட்டு, பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, பிறகு பட்டறைக்கு வந்து பலகை தூக்கி, மறுபடி உள்ளே ஓடி அவரைப் புரட்டிப் போட்டு, மறுபடி பட்டறை. படுக்கை அறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் மெஷினின் வாங்குகிற முனை. அந்தப் பக்கம் அவருடைய தலைமாடு.

மெஷின்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கை அசையும். வாயில் ஒன்றிரண்டு சொல், அதுவும் குழைந்துதான் வரும். ஆனால் நடமாடிய காலத்தில் அந்த வாய் ஓயாது. அவள் கையில் மெஷினைக் கொடுத்தபோது அவர் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை.

"பலகைக்கு நேர் பின்னாடி நிக்காத, எகிறி வந்தா வயித்துலதான் குத்தும். ஓரமா நில்லு. ஒரே இழுப்புல நிறைய எடுக்காத, கொஞ்சம் கொஞ்சமா எடு. உருளை பிடிச்ச பலகையைப் பின்னாடி இழுக்காத. குனிஞ்சு உள்ள பார்க்காத. மூடியைத் திறக்கணுமா, ஃபியூஸைப் பிடுங்கி உன் சட்டைப் பையில போடு. யார் கை உள்ள போகுதோ அவங்க பையிலதான் ஃபியூஸ் இருக்கணும். நான் பத்திரமா வெச்சிருக்கேன்னு எவன் சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத."

"உங்களைக் கட்டிக்கிட்டு நம்பாம வேற இருக்கணுமா?" என்று அவள் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

அவள் விட, அவர் வாங்க, பல வருஷம் அப்படித்தான் ஓடியது. மெஷினின் மூடி இருவருக்கும் நடுவில் நிற்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. காதுமூடி போட்டிருப்பதால் பேச்சும் கேட்காது. அதனால் தட்டு. இரும்பு மேசையில் ஒரு தட்டு என்றால் வாங்கிவிட்டேன், அடுத்ததை விடு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மேசையில் உள்ளங்கையை வைத்திருந்தால் போதும், அந்தத் தட்டு இரும்பு வழியாக வந்து கையில் சொல்லும்.

மறுநாள் சாயங்காலம் அவள் உள்ளங்கை அந்த மேசையில் இருந்தபோது, ஒரு தட்டு வந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். ஓரமாக நகர்ந்து எட்டிப் பார்த்தாள். மறுபக்கம் யாரும் இல்லை. ஒற்றைக் குழல் விளக்கு, காற்றில் மிதக்கும் தூசி, சுவர். ஆனால் வெளியே வந்த பலகை கீழே விழுந்து கிடக்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது, அவர் எப்போதும் வைக்கிற மாதிரி, இழைத்த முகம் உள்பக்கமாக.

ஓடியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். அவள் செய்தது என்னவென்றால், அந்தப் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. உடம்பு அங்கே கிடந்தாலும் மனுஷன் இங்கேதான் நிற்கிறார் என்று தோன்றியது. தோன்றியதும் தோள்பட்டையிலிருந்து ஏதோ ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. திரும்பிப் போய் மேசையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். பதில் தட்டு. அவ்வளவுதான். அடுத்த பலகையை விட்டாள்.

அதன் பிறகு வேலை பாதி ஆனது. சீக்கிரம் முடிந்தது, சீக்கிரம் படுத்தாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு தூங்கினாள். கதவு செய்கிறவர் சரக்கு எடுக்க வந்தபோது பலகைகளைத் தடவிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம ஆள் வெச்சுட்டீங்க போல? முனையில ஒரு குழி இல்லையே!"

"ஆமா, வெச்சிருக்கேன்."

"நல்ல கை. விட்டுடாதீங்க."

விடுகிற மாதிரி அவளும் இல்லை. ஆனால் அவர் இளைத்துக்கொண்டே போனார். பகலில் சிறிது நேரம் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் நாத்தனார்தான் முதலில் சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் ஒழுங்கா சாப்பிடுறாரா? புரட்டிப் போடும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. முன்னல்லாம் ரெண்டு பேர் பிடிக்கணும்."

"படுத்தே கிடந்தா சதை கரையத்தானே செய்யும்."

"கரையட்டும் அண்ணி, ஒரு பக்கமாவா கரையும்? முதுகைப் பாருங்க. தட்டையா இருக்கு."

அவள் பார்த்தாள். தட்டையாகத்தான் இருந்தது. தோள் எலும்பு துருத்த வேண்டிய இடத்தில் துருத்தவில்லை. தோல் வழவழவென்று, புண் இல்லாமல், மயிர் இல்லாமல். பவுடரின் குணம் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடினாள்.

அன்று கஞ்சி ஊட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நெடுநேரம் முயன்று, ஒரு சொல்லைத் தள்ளினார்.

"மெ...துவா."

"மெதுவாத்தாங்க ஊட்டுறேன்."

அவர் கண் கரண்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தது.

பிறகு அந்த மழை நாள். கதவு செய்கிறவர் வண்டி மறுநாள் காலையில் வந்து நிற்கும். இழைக்க வேண்டியதோ கூரை முட்டக் கிடந்தது. அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்போல வலித்தது. ஒவ்வொரு பலகையையும் நாலைந்து முறை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் குறைப்பதற்குள் விடிந்துவிடும். எவ்வளவு சீவ வேண்டும் என்று வைக்கிற கைச்சக்கரத்தைப் பிடித்தாள். வழக்கமாகத் திருப்புகிற அளவு திருப்பினாள். பிறகு இன்னும் ஒரு சுற்று. ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். இன்றைக்கு ஒரு நாள்தானே.

மெஷின் அடிவயிற்றிலிருந்து உறுமியது. மரச்சுருள்கள் தடித்து, கட்டியாக விழுந்தன. கூரைத் தகரத்தில் மழை. ஆனால் தட்டு வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு பலகைக்கும் ஒன்று. முன்பைவிட வேகமாக, பசித்த பிள்ளை தட்டைத் தட்டுகிற மாதிரி. இவள் அடுத்த பலகையைத் தூக்குவதற்குள் அங்கிருந்து ஒன்று, விடு, ஒன்று, விடு.

நடுவில் வியர்வையைத் துடைக்கக் காதுமூடியை விலக்கியபோது வேறொன்று கேட்டது. இரண்டு தட்டு. மெல்லியது. சற்று நின்று, மறுபடி இரண்டு.

நிறுத்து.

அவள் நின்றாள். உண்மையிலேயே நின்றாள், பலகையைக் கையில் வைத்துக்கொண்டு. அப்போது மேசையில் பலமாக ஒன்று. விடு. களைத்துப்போனவளுக்குத் தனக்கு வசதியான தட்டுதான் காதில் விழும். காதுமூடியை இறக்கிக்கொண்டு பலகையை விட்டாள். கடைசிப் பலகை வரை அப்படியே விட்டாள்.

முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளேடு சுழன்று சுழன்று அடங்கும் வரை காத்திருந்தாள். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். என்ன களைப்பு என்றாலும் அதை மட்டும் அவள் விட்டதில்லை. மூடியைத் திறந்து, உருளையில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். பிளேடுக்குப் பின்னால் அடைத்திருந்த சுருளைத் தூரிகையால் தள்ளினாள்.

மரச்சுருள் உலர்ந்து நொறுங்கும். அதில் ஒன்று நொறுங்கவில்லை. வெளிறிய, மெல்லிய, நீளமான சுருள். விரலில் வளைந்துகொடுத்தது. லேசாகச் சூடாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

பவுடர் வாசனை. அவர் முதுகுக்குப் போடுகிற பவுடர்.

அவள் மூடியைச் சாத்தவில்லை. விளக்கை அணைக்கவில்லை. உள்ளே ஓடினாள்.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். இடது கை தலைக்கு மேலே போய்ச் சுவரில் ஒட்டிக் கிடந்தது. விரல் முட்டிகள் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தன. சுவரில், முட்டி பட்ட இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி.

இரண்டு தட்டு. அது இரும்பில் வந்ததே இல்லை. சுவரில் வந்தது. நிறுத்து, நிறுத்து என்று சொன்னவர் இவர்.

"ஏங்க," என்றாள். "அப்போ அங்க நின்னு வாங்குனது?"

அவர் உதடு குழைந்தது. கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் ஓடியது.

"நான்... இல்ல."

முதுகுக்கடியில் கையைக் கொடுத்துப் புரட்டினாள். கை பாரத்தை எதிர்பார்த்துப் போனது, பாரம் இல்லை. ஒரு பலகையைத் திருப்புவதுபோலத் திரும்பினார். படுக்கை விரிப்பு முழுக்கச் சுருள். வெளிறிய சுருள், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, மெத்தென்று. தடித்தவையும் இருந்தன. இன்றைக்கு எடுத்தவை.

"இனிமே ஓட்ட மாட்டேன்," என்றாள். அவர் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னாள். "சத்தியமா ஓட்ட மாட்டேன். வித்துடுறேன். உடைச்சுப் போட்டுடுறேன். இங்க பாருங்க, ஃபியூஸ் என் பையிலதான் இருக்கு."

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள். பீங்கான் கட்டை நெஞ்சில் குளிர்ந்து உறுத்தியது. இருக்கிறது. இங்கேதான் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் பிளேடு சுழலத் தொடங்கியது.

முதலில் முனகல். பிறகு ரீங்காரம். அதற்கும் மேலே, அவளுக்குப் பழகிப்போன, உருளைகளின் கரகரப்பு.

அவர் நகர்ந்தார்.

யாரும் இழுக்கவில்லை. கட்டில் அப்படியே இருந்தது, விரிப்பு அப்படியே இருந்தது. அவர் மட்டும் தலைமாட்டுப் பக்கம், ஒரே சீரான வேகத்தில். அந்த வேகம் அவளுக்குத் தெரியும். தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இருட்டு, பலகை நுழைகிற அளவுக்கு. அவர் முடி அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

அவள் இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தன் பலமெல்லாம் திரட்டிப் பின்னால் இழுத்தாள். அவர் அலறினார். மனிதச் சத்தமில்லை அது. நார் எதிர்த்துப் பிய்யும் சத்தம்.

உருளை பிடிச்ச பலகையைப் பின்னாடி இழுக்காத.

விட்டுவிட்டாள்.

நெற்றி போனது. அவர் கண் அவளைப் பார்த்தபடியே போனது. இடது கை சுவரில் இரண்டு தட்டு தட்டியது. மறுபடி இரண்டு. பிறகு அந்தக் கையும் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம், இரும்பில், பலமாக ஒன்று.

அவள் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டாள். நேர் பின்னால் நிற்கக் கூடாது. வாய் கதறிக்கொண்டிருந்தது. கைகள் மட்டும் அதைக் கேட்கவில்லை. பழகிய கைகள். அவை தாமாகவே நீண்டு, அவருடைய குதிகால்களை உள்ளங்கையில் ஏந்தி, முனையில் குழி விழாமல் இருக்க, சற்றே தூக்கிப் பிடித்தன.