நிலையான முகவரி இல்லை

"கரன்ட் பில் இருக்கா?"

"இல்லீங்க."

"வாடகைப் பத்திரம்? பேங்க் கடிதம்?"

"அதுவும் இல்லீங்க..."

கிளினிக் வரவேற்பு மேசையில் ரோவீனா கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தொப்பலாக நனைந்த ஒருவன் நின்றிருந்தான். நாற்பதை நெருங்கும் வயது. நகங்களில் கரி. தாடியிலிருந்து சொட்டிய தண்ணீர், அவன் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தின் மேலேயே விழுந்தது. ஓவன் பிரைஸ் என்ற பேரும், ஆஸ்துமா என்ற சொல்லும் மட்டும் தெளிவாக இருந்தன. ஆனால் அந்தக் கண்கள்... மழை விட்டதும் கால்வாய்த் தண்ணீருக்கு ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் அந்தச் சின்ன ஊருக்கு இருப்பதே ஒரு கிளினிக்தான். மூன்று போன்கள் ஒன்றாக அடித்தன. கண்ணைப் பற்றி யோசிக்கிற நேரமா இது?

"சார், வீட்டுக்குக் கரன்ட் பில்கூடவா வராது?"

"நான் படகுல இருக்கேங்க. கூரைமேல சூரியத் தகடு. சூரியன் இதுவரைக்கும் பில் அனுப்பினதில்ல." ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தான். "இந்த ஊர்ல அனுப்பினாலும் பெரிசா வராது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரோவீனாவுக்குச் சுருக்கென்றது. கேலி செய்கிறானா?

"விலாசத்துக்கு ஆதாரம் இல்லாம பதிவு பண்ண முடியாது. அதுதான் ரூல். அடுத்தவங்க வாங்க!"

அவன் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"பரவாயில்லீங்க..."

கதவருகே நின்று இருமினான். நீளமான, வறட்டு இருமல். அவன் போன பிறகும் அது அவள் காதை விட்டுப் போகவில்லை.

மத்தியானம் ஒரு கையில் சாண்ட்விச்சோடு அலமாரியிலிருந்த சுற்றறிக்கைகளைப் புரட்டினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாலாவது தாளில் இருந்தது. விலாசத்துக்கோ அடையாளத்துக்கோ ஆதாரம் இல்லை என்பதற்காக யாரையும் பதிவு செய்ய மறுக்கக் கூடாது! இரண்டு வருடமாக அவள் சொல்லிவந்த ரூல்... ரூலே இல்லை.

"மோரீன், இதைப் பாருங்களேன்."

நிர்வாகி மோரீன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். "அட... நான் சேர்ந்தப்பவே அப்படித்தான் கேட்டுட்டிருந்தாங்க கண்ணு. யாரும் மாத்தல."

"காலைல ஒருத்தரைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"திரும்ப வந்தா போட்டுடு."

"வரமாட்டார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

ரோவீனா சுற்றறிக்கையை மறுபடி அலமாரியில் வைத்தாள். அவன் 'பரவாயில்லீங்க' என்ற விதம் அப்படி. அவளாக இருந்தாலும் திரும்பி வந்திருக்க மாட்டாள்.

ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் ஒரு புதுப் படிவத்தோடு கால்வாய்க்கரைக்கு நடந்தாள். ஜூன் மாதம், வெளிச்சம் போக இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மழை பொடித் தூறலாகியிருந்தது. கரி மூட்டைகள் அடுக்கிய ஒரு நீளப் படகு, படகுகளை ஏற்றி இறக்கும் இரண்டாவது மதகில் நின்றது. மதகுக் கதவைத் திறக்கும் நீள மரக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது. "மறுபடியும் பில் கேட்க வந்தீங்களா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நாலு வாக்கியமும் மறந்துபோயின. யாரிடமும் இறங்கிப் பேசிப் பழக்கமில்லாதவள் அவள்.

"தப்பு என்னோடதுங்க. பில்லெல்லாம் தேவையே இல்ல. எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்..."

"அடுத்த ஊர்ல பார்த்துக்கிறேன்."

"போய்ச் சேர எத்தனை நாளாகும்?"

"மூணு."

"இன்ஹேலர்ல எவ்வளவு மீதி இருக்கு?"

அவன் மறுபடி கட்டையைப் பிடித்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்!"

"...நேத்தே தீர்ந்துடுச்சு."

ரோவீனா கைப்பையைப் புல்லில் வைத்தாள். கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். ஆபீஸ் செருப்பு சேற்றில் வழுக்கியது. மறுபடி ஊன்றித் தள்ளினாள். அவன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து தானும் தள்ளினான். கதவு மெல்ல நகர்ந்தது.

அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள்.

"விலாசம் இல்லாதவங்களுக்குக் கிளினிக் விலாசத்தையே போட்டுக்கலாம்."

"அப்போ பகல்ல நீங்களும் நானும் ஒரே விலாசமா?"

"எழுத விடுங்க." அவள் காது சூடானது. "எடை?"

"கரி மூட்டையோடயா, இல்லாமயா?"

"பியர் குடிப்பீங்களா?"

"வாரத்துக்கு நாலு. சரி... அஞ்சு."

"அவசரம்னா யாருக்குச் சொல்லணும்?"

பேனா காத்திருந்தது. அவன் தண்ணீரைப் பார்த்தான். "வேல்ஸ்ல அக்கா இருக்கா. பேசி ரெண்டு வருஷமாச்சு. போட்டுக்குங்க... திட்டுவா, ஆனா வந்துடுவா."

மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டரைப் பார்த்தான். இன்ஹேலர் கிடைத்தது. இருமலும் நின்றது.

வருவதுதான் நிற்கவில்லை.

கால்வாய் விதிப்படி பதினாலு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் படகைக் கட்டக் கூடாது. அதனால் மற்றப் படகுகளுக்குக் கரி விற்றபடி நகர்ந்துகொண்டே இருந்தான். ஆனாலும் புதன்கிழமை ஆனால் கிளினிக்கில் இருப்பான். காத்திருக்கும் கூடத்து மெஷினில் பிரஷர் பார்த்து, சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவான்.

"நூத்தி நாப்பது. இங்க வந்தா மட்டும் ஏறுது."

"அப்போ வராதீங்க."

"அதைவிட நல்ல மருந்து ஏதும் இல்லையா?"

புதன்கிழமைகளில் அவள் நீல ஸ்கார்ஃப் கட்டுவதை மோரீன் கவனித்தாள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, திரையில் ஒரு வரி. ஓவன் பிரைஸ் வேறு கிளினிக்குக்கு மாற்றப்பட்டார்.

அவள் அதை மூன்று முறை படித்தாள். போகிறவன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இன்னொரு தடவை கால்வாய்க்கரையில் நடக்கமாட்டேன்... நடக்கவே மாட்டேன்!

புதன்கிழமை ஸ்கார்ஃப் இல்லாமல் வந்தாள். ஒன்பதே காலுக்கு வரிசையில் அவன் நின்றான். ஷேவ் செய்த முகம். நகங்களில் கரி இல்லை.

"உங்க பேர் இங்க இல்லையே சார்."

"தெரியும். நான்தான் மாத்திக்கிட்டேன்."

"அப்புறம் என்ன வேணும்?" மேசைமேலிருந்த படிவங்களை அடுக்கினாள்.

"என்னைப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியும். மூச்சு, எடை, அக்கா போன் நம்பர் வரைக்கும். உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பேஷன்ட்டா நின்னு இதைச் சொன்னா உங்களுக்கு வேலைல சங்கடம். அதான்... ரோவீனா, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வழுக்க வழுக்க அந்தக் கதவைத் தள்ளினீங்களே... அன்னிலேருந்து."

பின்னால் நின்ற விவசாயி அட்கின்சன் தொண்டையைக் கனைத்தார். "பதிலைச் சொல்லும்மா. எனக்கு ஒன்பதரைக்கு ரத்தம் எடுக்கணும்."

மூன்று போன்களும் அடிக்க ஆரம்பித்தன. மோரீன் ஒன்றை எடுத்தாள். "கொஞ்சம் லைன்ல இருங்க. இங்க ஒரு அவசர கேஸ்."

இதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்ல ரோவீனாவுக்கு மனசு வரவில்லை. எழுந்து, பக்கக் கதவைத் திறந்துகொண்டு, வரிசையைத் தாண்டி அவன் எதிரில் வந்து நின்றாள். கிட்டத்தில் அந்தப் பச்சைக்குள் பொன்னிறப் புள்ளிகள் இருந்தன.

"ரெண்டு நாளா உங்களைத் திட்டிட்டே இருக்கேன்..."

"சரி..."

"பிடிக்காதவங்களை நான் திட்டறதில்ல, ஓவன்."

அது போதாது என்று அவளுக்கே தோன்றியது. மூச்சை இழுத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"பிடிச்சிருக்கு... எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."